தெருமுனைப் பலகை

செவ்வாய், இரவு. நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள்.

தண்ணீர் லாரி உள்ளே வருவதற்காக எல்லோரும் வண்டிகளைத் தெருமுனையில் தள்ளி வைத்தோம். குடம் நிரப்பிய அவசரத்தில் மகனின் வண்டியைத் திரும்ப எடுக்க மறந்துவிட்டேன். அபராதம் வந்துவிட்டது.

"அப்பா, நோ பார்க்கிங் போர்டைக் கல்யாண ஃபிளெக்ஸ் மறைச்சிகினு கீது. அப்பீல் போட்டா ஃபைன் கேன்சல்தான். நிறுத்தனது நீங்க, ஒரு கைநாட்டு வைங்க," என்று மகன் மனுவையும் மைப்பெட்டியையும் வைத்துவிட்டுப் போனான்.

அவன் சொல்வது நியாயம்தான். ஆனால் முன்பு அவன் அம்மாவுக்கு வந்த ஆம்புலன்ஸை அதே முனையில் ஒரு கார் மறித்து நின்றது. அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினோம். பிறகு அந்த நோ பார்க்கிங் பலகை கேட்டுத் தெருவே கொடுத்த மனுவில் முதல் கைநாட்டு என்னுடையது.

மைப்பெட்டியை மூடிவிட்டேன். காலையில் அந்த ஃபிளெக்ஸை அவிழ்க்க வேண்டும்.