வியன்னா என்று சொல்லிவிட்டு

ஓகஸ்ட் 19, செவ்வாய். அஜின்கோர்ட், ரொறன்ரோ

காலையிலிருந்து மழை. வேலைக்குப் பன்னிரண்டு நாள் லீவு போட்டாயிற்று. பெட்டி இன்னும் மூடவில்லை.

உள்ளே போனவை: ஸ்வெட்டர் இரண்டு. நடக்கிற சப்பாத்து. முழங்காலுக்குப் பூசுகிற மருந்து. கறித்தூள் அரைக் கிலோ, ஜோ கேட்டது. நீலச் சேலையை எடுத்தேன், வைத்தேன், திரும்ப எடுத்தேன். இப்போதைக்கு உள்ளே.

மகள் ஆரணிக்குச் சொன்னது: கூட வேலை செய்கிற பெண்களோடு வியன்னா சுற்றுலா. உண்மை: வியன்னாவில் இறங்குவது மட்டும். அங்கிருந்து காரில் மூன்று மணித்தியாலம், ஸ்லோவாக்கியாவில் ஒரு சின்ன ஊர். ஜோவின் ஊர்.

பன்னிரண்டு வருடம் ஒரே பேக்கரி. அவர் பாண் சுடுகிற போறணைப் பக்கம், நான் பொதி கட்டுகிற பக்கம். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரே மேசை. இரண்டு வருடத்துக்கு முன் ரிட்டையர் ஆகி ஊருக்குத் திரும்பிவிட்டார், அக்காவோடு இருக்கிறார். ஞாயிறு தவறாமல் போன். யூனில் கேட்டார், வந்து என்னோடு இருப்பாயா என்று. முதலில் வந்து பார்க்கிறேன் என்றேன்.

எனக்கு ஐம்பத்தொன்பது. ஆரணியின் அப்பா செத்துப் பதினொரு வருடம். பதினாறு வயதில் அம்மாவுக்குச் சொல்லாத பொய்யை இப்போது மகளுக்குச் சொல்கிறேன். வெட்கமாக இருக்கிறது. ஆனால் தேத்தண்ணி ஊற்றும்போது பாட்டு வருகிறது.

ஓகஸ்ட் 21, வியாழன்

வெயில். கால் வீக்கம். விமான நிலையத்தில் ஜோ ஒரு அட்டையோடு நின்றார். தமிழில் என் பெயர். போனைப் பார்த்து வரைந்தாராம். புள்ளி வைக்க மறந்து ‘வசநதி’. இரண்டு நாள் பழகினேன் என்றார். அட்டையை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அழக்கூடாது என்று கோப்பி கேட்டேன்.

வழி முழுக்க சூரியகாந்தி, தலை கவிழ்ந்து கறுத்துப்போய். பிறகு மலைகள், சின்னதாக, பச்சையாக. ஊரில் உள்ளவை: ஒரு சதுக்கம், மஞ்சள் கோயில், தபால் கந்தோர், மருந்துக்கடை, இரண்டு பார், ஒரு ஓடை. மின்கம்பத்தின் மேல் நாரைக்கூடு. நாரைகள் போன கிழமைதான் ஆபிரிக்காவுக்குப் புறப்பட்டனவாம். ஊரின் பெயர் எனக்கு இன்னும் வாயில் வரவில்லை, மெய்யெழுத்து மட்டும் ஐந்து.

ஜோவின் அக்கா மார்ட்டா. எழுபது வயது, என்னைவிட ஒரு சாண் உயரம், ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. என் சப்பாத்தையே பார்த்தாள். வாசலில் கழற்றி வைத்தேன். ‘சரி, அவ்வளவாவது தெரிகிறது’ என்கிற மாதிரி ஒரு தலையாட்டல். எனக்கு மேல்மாடி அறை, தனியாக. கோழி சூப், அதற்குப் பிறகு உருளைக்கிழங்கு மாவில் சின்னச் சின்ன உருண்டைகள், மேலே ஆட்டுப்பால் சீஸ். இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். மார்ட்டா சிரிக்கவில்லை.

ஓகஸ்ட் 22, வெள்ளி

எட்டு மணிக்குத் தெருக்கம்பத்தில் ஒலிபெருக்கி. முதலில் அக்கோடியன் பாட்டு, பிறகு ஒரு பெண்ணின் குரல். ஏதோ ஆபத்து என்று கீழே ஓடினேன். ஜோ ரொட்டியில் பட்டர் பூசிக்கொண்டிருந்தார். செய்தி இதுதான்: பத்து மணிக்குக் கோயில் முன்னால் முட்டைக்கோழி விற்பனை. திங்கள் குழாயில் தண்ணி நிற்கும். என்னைப் பற்றி ஏதும் சொன்னார்களா என்று பகிடிக்குக் கேட்டேன். தேவையில்லை, நேற்றே எல்லாருக்கும் தெரியும் என்றார்.

மூவரும் கோழி வாங்கப் போனோம். லொறியில் கூடு கூடாக மண்ணிறக் கோழிகள். வரிசையில் இருபது பேர், இருபது பேரும் என்னைப் பார்க்கிறார்கள். மார்ட்டாவின் கையிலிருந்து ஒன்று பறந்து சதுக்கத்துக்குள் ஓடியது. ஆண்கள் மூன்று பேர் துரத்தினார்கள், ஜோ உட்பட. அது எல்லாருக்கும் தண்ணி காட்டியது. நான் அசையாமல் நின்றேன். பக்கத்தால் வரும்போது குனிந்து, செட்டையோடு அமத்தி, கமக்கட்டுக்குள். ஒரே பிடி.

வரிசை முழுக்கக் கைதட்டல். யாரோ ஒரு கிழவர் எனக்குத் தொப்பியைக் கழற்றினார். மார்ட்டா சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. வீடு வரைக்கும் சிரித்தாள்.

இன்று படித்த சொற்கள்: தொப்ரி தியென், வணக்கம். தியாக்குயெம், நன்றி. ஸ்லீப்கா, கோழி. தெருவில் சின்னப் பிள்ளைகள் இனி என்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று தெரிகிறது.

ஓகஸ்ட் 23, சனி

காட்டில் காளான் பிடுங்கினோம். காலை ஈரம், நல்ல மணம். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று ஜோ சொல்லச் சொல்ல நான் பிழையானதையே எடுத்தேன். ஒரு மரத்தடியில் கையைப் பிடித்தார். விடவில்லை, நானும் இழுக்கவில்லை.

பின்னேரம் ஜோ வெளியே போன நேரம் மார்ட்டாவும் நானும் குசினியில் காளான் துடைத்தோம். திடீரென்று தன் போனை எடுத்து அதற்குள் ஸ்லோவாக் பேசினாள். போன் தமிழில் சொன்னது, செய்தி வாசிக்கிறவர் மாதிரி:

“உங்கள் நோக்கம் என் தம்பியை மீண்டும் கனடாவுக்கு எடுத்துச் செல்வதா?”

சிரிப்பு வந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. நான் வழமையாகப் பேசுகிற தமிழ் போனுக்கு விளங்கவில்லை. அதனால் நானும் செய்தி வாசித்தேன்:

“இல்லை. நான் அவரை எடுத்துச் செல்ல மாட்டேன்.”

அவள் நிறையப் பேசினாள், போன் துண்டு துண்டாகத் தந்தது. தம்பி முப்பத்தொரு வருடம் இங்கே இல்லை. அப்பாவையும் அம்மாவையும் தனியே நின்று அடக்கம் செய்தாள். இப்போதுதான் மேசையில் இரண்டு கோப்பை வைக்கிறாள். மணிக்கட்டால் கண்ணைத் துடைத்தாள். கை முழுக்கக் காளான் மண். அவள் துடைத்ததை நான் வெட்டினேன். கூடை முடியும்வரை அப்படியே.

இவ்வளவு நாளும் நான் போவேனா, மாட்டேனா என்று மட்டும் யோசித்திருக்கிறேன். இங்கே ஒருத்தி என்னால் நித்திரை இல்லாமல் இருந்திருக்கிறாள்.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

மூன்று மணிக்கு ஆரணி. அங்கே காலை ஒன்பது.

“அம்மா, நீங்கள் வியன்னாவில நிக்கேல்லை.”

போன வருடம் என் போனில் அவள்தான் அந்தக் கூகிள் மப் விசயத்தைப் போட்டுத் தந்தாள். எங்கே நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரியுமாம். மறந்தே போனேன்.

“ஒரு காட்டுக்குப் பக்கத்தில காட்டுது. மூண்டு நாளாப் பாத்துக்கொண்டிருக்கிறன். ஆரோடை நிக்கிறியள்?”

சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன்.

“ஜோ அங்கிளா? பேக்கரி ஜோ அங்கிளா?”

“ஓம்.”

பிறகு கோல் கட். நானாகக் கட் பண்ணவில்லை.

ஓகஸ்ட் 25, திங்கள்

மழை. ஒலிபெருக்கி சொன்னபடி தண்ணி நின்றது. ஆரணிக்கு நாலு மெசேஜ். பார்த்திருக்கிறாள், பதில் இல்லை. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், ஸ்ரௌவ்வில் என்கிற ஊரில் தன் வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் நிற்பாள், கோபம் வந்தால் அங்கேதான்.

ஜோ கோழிக்கூட்டுக் கதவைத் திருத்தினார். இடையிடையே வந்து தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனார். ஐந்து கோப்பை. ஐந்தையும் குடித்தேன்.

ஓகஸ்ட் 26, செவ்வாய்

வெயில் திரும்பிவிட்டது. இரண்டு மணிக்கு ஆரணி, வீடியோவில். கண் வீக்கம், ஆனால் தலை இழுத்து வாரியிருந்தாள்.

“எனக்கு அந்த மனிசனில கோவமில்லை. என்னட்டைச் சொல்லேல்லை எண்டுதான். நான் என்ன செய்வன் எண்டு நினைச்சனீங்கள்?”

“அழுவாய் எண்டு நினைச்சன்.”

“அழுதனான்தான். பிறகு முகத்தைக் கழுவிப்போட்டு வேலைக்குப் போனன்.”

மன்னிப்புக் கேட்டேன். அவள் பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன். கொஞ்சம் மூக்கை உறிஞ்சினாள். அவரைக் காட்டச் சொன்னாள்.

ஜோ ஓடிப்போய்ச் சேட் மாற்றி வந்து, கதிரை நுனியில் இருந்தார். என் மகள் மருந்துக்கடைக்காரி. சுகம் விசாரிக்கவில்லை, என்னென்ன குளிசை போடுகிறீர்கள் என்று இங்கிலீசில் கேட்டாள். அவர் எழுந்து போய் மருந்துப் பெட்டிகள் எல்லாவற்றையும் கொண்டுவந்து ஒவ்வொன்றாகக் கமராவுக்கு முன்னால் பிடித்தார். அவள் அங்கே எழுதிக்கொண்டாள். சீனி வருத்தம் இருக்கா? இல்லை. சிகரெட்? பதினெட்டு வருடத்துக்கு முன் விட்டது. கடைசியாக எப்போது இரத்தம் சோதித்தது? ஜோ மொழிபெயர்த்ததும் மார்ட்டா உள்ளே போய் அந்தக் கடதாசியையே எடுத்துவந்தாள். மூன்று தலையும் ஒரு போனுக்குள்.

முக்கால் மணித்தியாலம். முடிவில் தமிழில் என்னிடம்: “பரவாயில்லை அம்மா. உங்களைவிட ஹெல்த்தியா இருக்கிறார்.”

ஜோ என்ன சொன்னாள் என்று கேட்டார். சோதினையில் பாஸ் என்றேன். சேட் முதுகுப்பக்கம் முழுக்க வேர்வை.

ஓகஸ்ட் 27, புதன்

ஓடைக்கரையில் தனியே நடந்தேன், இரண்டு தரம். தெருவில் பெண்கள் வணக்கம் சொன்னார்கள், ஒருத்தி கோழி மாதிரிக் கையை அடித்துக் காட்டினாள். தலை முழுக்கக் கணக்கு. மாதங்கள், யார் எங்கே. ஆரணிக்குப் போன் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். ஓகே, ஆனால் பனிக்காலம் தனக்குத்தான் என்றாள்.

ஓகஸ்ட் 28, வியாழன்

காற்று, வெயில், நீல வானம். பின்வளவில் பிளம்ஸ் மரம் நாலு, கிளை நிலத்தைத் தொடுகிறது. இன்று பிடுங்கிக் கொட்டை எடுக்கிற நாள், ஜாமுக்கு. நாளை மறுநாள் பிளைற்.

ஜோ ஏணியில், நான் கீழே வாளியோடு. அங்கேயே சொன்னேன். மார்ச்சில் நானும் வேலையை விடுகிறேன். ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரை இங்கே. பனிக்காலத்துக்கு ரொறன்ரோ, ஆரணியோடு. நீங்கள் அக்காவை விட்டு எங்கும் வர வேண்டாம். விசா விசயம் பார்க்க வேண்டும். மேல்மாடி அறை எனக்கு வேண்டாம், படி ஏற முழங்கால் நோகிறது.

ஏணியில் அப்படியே நின்றார். கடைசி வசனம் விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. விளங்கியதும் காது சிவந்தது. அவருக்கு நான் சொல்லிக்கொடுத்த ஒரே ஒரு தமிழ்ச் சொல்: “சரி.” இறங்கி, என் நெற்றியில் ஒரு முத்தம். பிறகு ஆளைக் காணவில்லை.

எங்கே என்று எட்டிப் பார்த்தேன். வேலிக்கு அந்தப்பக்கம் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கையை விரித்து விரித்துச் சொல்கிறார். பிறகு அடுத்த வீடு. பிறகு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம். எனக்கு விளங்கியது என் பெயர் மட்டும். ஒவ்வொரு வேலியிலும் ஒரு தரம், ஒவ்வொரு தரமும் முதல் தரத்தைவிடச் சத்தமாக. பிளம்ஸ் பிடுங்குகிற ஞாபகமே இல்லை. அறுபத்தாறு வயது மனிதர், குசினிச் செருப்போடு தெரு முழுக்க.

மார்ட்டா கூப்பிடுகிறாள். வாளி நாலு நிரம்பிவிட்டது. கை முழுக்கச் சாறு, பேனா வழுக்கு—