ஒரே பெட்டியில் வந்த இரண்டு

கிராண்ட் ஃபோர்க்ஸ்,
நவம்பர் 9

அன்பு மகள் தோராவுக்கு,

கடல் கடந்து தெற்கே வெலிங்டனில் நீ சுகமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதிவிட்டு ஐந்து நிமிடம் பேனாவை மூடி வைத்திருந்தேன். உடம்பைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. அம்மாவின் கழுத்துக் காயம் நன்றாக ஆறிவிட்டது, இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்கிறார் மருத்துவர், கஞ்சியிலிருந்து உருளைக்கிழங்கு ரொட்டிக்கு முன்னேறியிருக்கிறாள், அதற்கு வெண்ணெய் மட்டும் நான் தடவக் கூடாதாம், கஞ்சத்தனமாகத் தடவுகிறேனாம். ஆற்றோரத்தில் பனி கட்ட ஆரம்பித்துவிட்டது. போனில் சொல்லாமல் ஏன் தபாலில் எழுதுகிறேன் என்று நீ யோசிப்பாய். போனை எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள், அவள் காதில் ஒரு குறையும் இல்லை. மின்னஞ்சலும் எங்கள் இருவருக்கும் ஒன்றுதான். அதனால் நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அம்மாவின் குரல் போய்விட்டது, தோரா. அறுவையில் போனதைச் சொல்லவில்லை, சேமித்து வைத்ததைச் சொல்கிறேன். குரல்வளையை எடுப்பதற்கு முன்பு பிப்ரவரியில் மூன்று வாரம் உட்கார்ந்து ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களை வாசித்துப் பதிவு செய்தாளே, அவற்றை அனுப்பினால் அவள் தட்டச்சு செய்வதை அவள் குரலிலேயே பேசும்படி கருவியைப் பழக்கித் தருவதாகச் சொன்னார்களே, அந்த வாக்கியங்கள் அத்தனையும் போய்விட்டன. ஏன் முன்பே அனுப்பவில்லை என்று நீ கேட்பாய், கேட்க உனக்கு உரிமை உண்டு. ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நானூற்றுப் பன்னிரண்டாவதில் ஒரு இருமல் இருந்தது, எழுநூற்றுச் சொச்சத்தில் பின்னால் கெட்டில் கூவியது, இப்படிப் பிழைகளைக் குறித்து வைத்து எல்லாவற்றையும் சுத்தமாக ஒரே தடவையில் அனுப்பலாம் என்று நினைத்தேன். இன்னும் முந்நூறுதான் பாக்கி இருந்தது.

எதில் வைப்பது என்பதற்கும் இதே நிதானம்தான். எந்த ஹார்ட் டிஸ்க் நம்பகமானது என்று ஆறு வாரம் படித்தேன். லட்சக்கணக்கில் டிஸ்குகளை ஓட்டுகிற ஒரு நிறுவனம், எந்த ரகத்தில் வருடத்துக்கு நூற்றுக்கு எத்தனை சாகின்றன என்று கணக்கு வெளியிடுகிறது. அதை வரைதாளில் இறக்கினேன். சில நூறு மட்டுமே ஓடிய ரகங்களை அடித்து நீக்கினேன், அவற்றின் விகிதத்தை நம்ப முடியாது. வந்து ஒரு வருடம்கூட ஆகாதவற்றையும் அடித்தேன், அவற்றுக்கு இன்னும் மூப்பே வரவில்லை. கடைசியில் நூற்றுக்கு ஒன்றுகூடச் சாகாத ஒரு ரகம் மிஞ்சியது. அதில் இரண்டு வாங்கி இரண்டிலும் ஒரே பதிவை வைத்தால், இரண்டும் ஒரே வருடத்தில் போவதற்குப் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்பு என்று பெருக்கிப் பார்த்துக்கொண்டேன். பதிவு செய்த மடிக்கணினி ஆஸ்பத்திரியுடையது, அழித்துத் திருப்பிக் கொடுப்பது முறை, கொடுத்துவிட்டேன்.

அந்தப் பெருக்கல் எப்போது செல்லும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆற்று அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருடம் வெள்ளம் அளந்தவன் நான். ஒரே பாலத்தூணில் இரண்டு அளவுகோல் கட்டினால் அது இரண்டு ஆகாது, தூண் போனால் இரண்டும் போகும் என்று புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் சொன்னவன். அப்படிப்பட்ட நான் ஒரே பெட்டியிலிருந்து இரண்டை எடுத்தேன். வரிசை எண்கள் அடுத்தடுத்து இருந்தன, ஜோடிப் பொருத்தம் நன்றாக அமைந்தது என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டேன். போன மாதம் பதினான்காம் தேதி முதலாவது பேச்சுமூச்சில்லாமல் நின்றது. பதறாமல், முறைப்படி புதிதாக ஒன்றை வாங்கிவந்து, மற்றதிலிருந்து நகலெடுக்க விட்டேன். மதியச் சாப்பாட்டின்போது அதுவும் டக் டக் என்று தட்டத் தொடங்கியது. கடைக்காரன் லைலிடம் ஓடினேன். அவன் இரண்டையும் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்னங்க டோலஃப்சன் சார், ரெட்டைப் புள்ளைங்களா வாங்கியிருக்கீங்க, ஒண்ணுக்குக் காய்ச்சல் வந்தா இன்னொண்ணு சும்மாவா இருக்கும்” என்று சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, “உள்ள என்ன சார் இருந்துச்சு?” என்று கேட்டான். இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மினியாபோலிஸில் செத்த டிஸ்கிலிருந்து மீட்டெடுக்கிற இடம் ஒன்று இருக்கிறது, அங்கே அனுப்பினேன். முந்தாநாள் ஒரு பெண் போன் செய்தாள். இரண்டிலும் பதிவு தங்கும் தகடே கீறலாகிப் போயிருக்கிறதாம். “உங்களுக்குப் பொய் நம்பிக்கை குடுக்க எனக்கு மனசு வரலை சார்” என்றாள். நன்றி சொல்லிவிட்டு, சிரமத்துக்கு மன்னிக்கச் சொன்னேன்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. கருவியோடு வந்த குரல் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு நாள் போட்டுக் கேட்டாள், பிறகு சிலேட்டில் “இவ யாரு, பஸ் ஸ்டாண்டுல அறிவிக்கிற பொம்பளை மாதிரி இருக்கா, இவளை என் சமையலறைக்குள்ள விடமாட்டேன்” என்று எழுதி அணைத்துவிட்டாள். சர்ச்சுக்குக்கூட அதை எடுத்து வருவதில்லை, காபி நேரத்தில் எல்லோரையும் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பாடகர் குழுவில் அவள் இடத்தில் இப்போது வேறு யாரோ நிற்கிறார்கள். தினமும் காலையில் காபியோடு சிலேட்டை என் பக்கம் தள்ளுகிறாள். “நான் எப்போ வர்றேன்?” அவ்வளவுதான் எழுதியிருக்கும். இன்னும் சரிபார்க்கிறேன் என்கிறேன். நேற்று அதன் கீழேயே, “ஆர்விட், வாழ்நாள் பூரா ஆத்தை அளந்தே, ஒருநாளாவது காலை நனைச்சிருக்கியா? அனுப்பித் தொலை” என்று எழுதினாள். நான் சிரித்தேன். சிரித்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றையும் எழுத வேண்டும். மார்ச்சில் நீ போனில், “அப்பா, எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க, நான் வெச்சிக்கிறேன்” என்றாய். உனக்கு எதற்கம்மா சிரமம் என்றேன். ஈஸ்டரில் மறுபடி கேட்டாய். வேண்டாம், இங்கே பத்திரமாக இருக்கிறது என்றேன். உலகத்தின் மறுகோடியில், வேறு கரண்டில், வேறு கூரைக்குக் கீழே ஒன்று இருந்திருக்கும். எந்த அட்டவணையும் அதைவிட நல்ல யோசனையைச் சொல்லியிருக்காது. எனக்கு அது அப்போதே தெரிந்திருந்தது. ஆனால் நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியுமே, யாராவது ஒரு துண்டு கேக் நீட்டினால் இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாம் தரம்தான் கையை நீட்டுவோம். நீ மூன்றாம் தரம் கேட்பாய் என்று காத்திருந்தேன். பதினாறு வருடமாக அங்கே இருக்கிறாய், அந்த ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். உன்மேல் தப்பே இல்லை.

அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை. என்ன சொன்னாலும் பதிலுக்குச் சத்தம் போடக்கூட அவளால் முடியாது என்பதுதான் என்னைத் தடுக்கிறது. ஞாயிறு சர்ச் முடிந்ததும் சொல்லலாம் என்றிருக்கிறேன். போன ஞாயிறும் அப்படித்தான் இருந்தேன்.

நீ குளிரில் தலையை மூடிக்கொள், அங்கே இப்போது வசந்தம் என்பதை மறந்துவிட்டேன், பரவாயில்லை, மூடிக்கொள். கடவுள் உன்னைக் காக்கட்டும், உன் வீட்டில் எந்தக் குறையும் வராதிருக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே. உன் பிறந்தநாட்களில் நீ எடுக்காத போனில் அம்மா விட்டுவைத்த செய்திகள், திட்டியது, பாடியது, எதுவாவது உன்னிடம் இருந்தால் அழிக்காதே. அது போதாது என்று எனக்குத் தெரியும். வெவ்வேறு கம்பெனியின், வெவ்வேறு மாதத்தில் வாங்கிய இரண்டு டிஸ்கில் போட்டுக்கொள், எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. உனக்குச் சிரமம் என்று தெரிந்தே கேட்கிறேன், அனுப்பு. இரண்டாம் தரமும் கேட்கிறேன், அனுப்பு. மூன்றாம் தரமும் நானே கேட்டுவிடுகிறேன், அனுப்பம்மா.

உன் அப்பா,
ஆர்விட்