எஃப் பன்னிரண்டு

ஹால் சுவர் மறுபடியும் மணக்கத் தொடங்கிவிட்டது. இடவப்பாதிப் பருவமழை பிடித்து இன்னும் நாலு நாள்கூட ஆகவில்லை. காலையில் காபி டம்ளரோடு ஹாலுக்குள் வந்தால் புளித்த மாவு வாடை, மைதாவும் துருசும் சேர்ந்து கொதித்த வாடை. ஊதுபத்தி கொளுத்தினேன், ஜன்னல்களைத் திறந்தேன், கற்பூரம் வைத்தேன். ஒன்றுக்கும் மசியவில்லை. நீ போய் மூன்று வருடம் ஆகிறது, உன் பசை மட்டும் போகமாட்டேன் என்கிறது.

வாடை மட்டும் என்றால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். சுவர் ஆட்களையும் வெளியே விடுகிறது. முதல் மழைக்கு ஒரு மீசை வந்தது. பூஞ்சை என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தேன், துடைக்கத் துடைக்க மீசைக்கு மேலே மூக்கும் வந்தது. அடுத்த வருடம் ஒரு கண். இந்த வருடம் உன் கையெழுத்து, வெள்ளைப் பெயிண்டுக்குள்ளிருந்து ஊதா நிறத்தில், வரி வரியாக. அத்தோடு அந்தச் சுவர் மூலையில் மழை நாட்களில் தரை ஈரமாகவே இருக்கும். சுவர் கசிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, துடைத்துவிட்டு ஆபீஸ் வேலையில் உட்காருவேன். அரை மணியில் மறுபடி ஈரம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

அதனால்தான் நேற்று பெயிண்டரைக் கூப்பிட்டேன். மார்த்தாண்டத்துக்காரர், தாசன் அண்ணன். சுவரை ஒரு தட்டுத் தட்டினார், விரலால் சுரண்டினார், என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அக்கா, ஆரு அடிச்சது இது? பேப்பருக்க மேலேயா பெயிண்ட் அடிச்சிருக்கு?”

“நான்தான் அண்ணே.”

“நல்ல வேலை பாத்திய. இந்த எழுத்து மார்க்கர் மசி. எத்தன கோட்டு அடிச்சாலும் மேல வந்திட்டேதான் இருக்கும். ஆயில் பிரைமர் ஒண்ணு போட்டா செத்துப் போவும். நாளைக்கு வாறேன்.”

செத்துப் போகும் என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் மீதிக் காபியைத் தொட்டியில் கொட்டினேன்.

நாம் எப்படிச் சந்தித்தோம் என்று உனக்கு நினைவிருக்கும். தம்பானூர் தியேட்டரில் உன் ஹீரோ படத்தின் முதல் நாள் முதல் காட்சி. நாகர்கோவிலிலிருந்து வேலைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, ஊரில் ஒருத்தரையும் தெரியாது. என் சீட் எஃப் பன்னிரண்டு. ஒரு காமெடிக்குச் சிரித்த சிரிப்பில் பக்கத்து சீட்டுக்காரியின் தொடையில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டேன். சிரிப்பு வந்தால் என் கை நிற்காது. எஃப் பதினொன்றில் இருந்த நீ தொடையைத் தடவிக்கொண்டே, “இந்த அடி ஹீரோ வில்லனைக்கூட அடிக்கலை, கேட்டேளா,” என்றாய். இடைவேளையில் ஒரு பாப்கார்னைப் பங்கு போட்டோம். படம் முடிவதற்குள் ‘கேட்டேளா’ போய் ‘எடீ’ வந்துவிட்டது.

கிழக்கேகோட்டை அக்ரகாரத்தில் பிறந்தவள் நீ. அண்ணாவுக்குக் கல்யாணம் ஆனதும் உன் அறை போயிற்று. கரமனையில் இந்த மூன்றாம் மாடி வீட்டை நான் வாடகைக்குப் பிடித்தபோது, பெட்டியும் சுருட்டிய போஸ்டர்களுமாக வந்து நின்றாய். “எங்காத்துச் சுவர்ல பகவானுக்கே இடம் போறலை. இவனை எங்கேடீ ஒட்டறது?” என்றாய். வீட்டு ஓனர் துபாயிலிருந்து போட்ட ஒரே கட்டளை, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. நீ அதற்கும் வழி வைத்திருந்தாய்.

“ஆணி அடிக்கப்படாதுன்னுதானே சொன்னார்? ஒட்டப்படாதுன்னு சொன்னாரோ?”

போஸ்டர் ஒட்டுகிற ஒருவரைப் பிடித்து மிச்சப் போஸ்டர்களையும் பசை காய்ச்சும் பக்குவத்தையும் வாங்கி வந்தாய். என் பால் காய்ச்சும் பாத்திரத்தில் மைதாவைக் கரைத்து, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தத் துருசைப் போட்டு நீ கிண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. “ஏட்டி, அது விஷமில்லியா? நாளைக்கு அதுல பாலு வைக்கவா?” என்று கத்தினேன். அன்றோடு அந்தப் பாத்திரம் உனக்கு ஆயிற்று. அதைத் தொட இன்னும் எனக்கு மனம் வரவில்லை, பரணில் இருக்கிறது.

இரண்டு வருடத்தில் ஹால் சுவர் முழுக்க அவன்தான். போலீஸ் உடுப்பில், லுங்கியில், ரத்தத்தில், கல்யாண மாலையில். அதற்கு ஒரு சட்டமும் போட்டாய். ஒவ்வொரு படத்துக்கும் எஃப் வரிசையில் அதே இரண்டு சீட். வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்துப் போஸ்டரின் வெள்ளை ஓரத்தில் ஆளுக்கு ஒரு வரி மார்க்கரால் எழுத வேண்டும். எழுதுவதற்கு முன் போனைப் பார்க்கக் கூடாது, வேறு யார் அபிப்பிராயமும் காதில் விழக் கூடாது, செருப்பைக்கூடக் கழற்றக் கூடாது. “செருப்பக் கழட்டிட்டா ஆத்து ஞாபகம் வந்துடும், படம் போயிடும்,” என்பாய். நான் என்ன எழுதலாம் என்று பத்து நிமிடம் யோசிப்பேன். நீ அதுவரை செருப்போடு நிற்பாய். “சீக்கிரம் எழுதித் தொலை, கால் வலிக்கறது” என்று முனகுவாயே தவிர, என் வரி விழாமல் ஒருநாளும் கழற்றியதில்லை.

பிறகு எனக்கு வீட்டிலிருந்தே வேலை என்று ஆனது. ஹால் மேஜையில் லேப்டாப், என் முதுகுக்குப் பின்னால் உன் சுவர். ஒரு மீட்டிங்கில் மேலதிகாரி, “உங்க தலைக்கு மேலே யாரோ அரிவாளோட நிக்கிறாங்களே,” என்றதும் அத்தனை பெட்டிகளிலும் அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அந்த நாட்களில் நானும் போனில் வீட்டலங்கார வீடியோவாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சுவர், மண் பானை, அதில் காய்ந்த புல், சரவிளக்கு. வீடு என்றால் அதுதான் வீடு என்று தலைக்கேறிவிட்டது.

உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீ உன் சித்தி பெண் கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் போன நான்கு நாட்களில், கேட்காமல் அடித்தேன். போஸ்டரைக் கிழிக்கக் கை வரவில்லை. கிழித்தால் பூச்சும் சேர்ந்து பெயர்ந்துவிடும் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு, அப்படியே மேலே வெள்ளையைப் பூசினேன். அவன் முகத்தின்மேல் ரோலரை ஓட்டியபோது கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். மூலையில் இடுப்பளவு மண் பானை ஒன்றை வாங்கி வைத்து, காய்ந்த புல்லையும் சொருகினேன்.

நீ வந்தாய். தோளிலிருந்து பையை இறக்காமல் நின்று பார்த்தாய். கத்துவாய் என்று நினைத்தேன். கத்தினால் திருப்பிக் கத்த எல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

“நன்னாருக்கு. ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமா இருக்கு,” என்றாய். பிறகு எனக்கும் சேர்த்து டீ போட்டாய். நீ சண்டை போட்டிருந்தால் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருப்பேன். நீ போடவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, இதேபோல் மழை பிடித்த வாரம், அவனுடைய அடுத்த படம் வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் கதவோரம் நின்று, “எஃப் பதினொண்ணு பன்னண்டு எடுத்திருக்கேன். வரயோ?” என்றாய். நீ எவ்வளவு இறங்கி வந்து கேட்கிறாய் என்று எனக்குத் தெரியாமலில்லை. “மழையில எவ போவா? மீட்டிங் இருக்கு எனக்கு,” என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நீ தனியாகப் போனாய். படம் விட்டபோது தம்பானூரில் முழங்கால் தண்ணீர். ஒரு மணி நேரம் மழை அடித்தால் அங்கே அப்படித்தான், ஊருக்கே தெரியும். நான் கூட இருந்திருந்தால் உன்னை அந்தத் தண்ணீரில் இறங்க விட்டிருக்கமாட்டேன். சாக்கடைத் தண்ணீர் என்று மூக்கைச் சுளித்து, வடியும்வரை தியேட்டர் வாசலிலேயே உன்னைப் பிடித்து நிறுத்தியிருப்பேன். உன் குதிகாலில் புதுச் செருப்பு கடித்த புண் இருந்தது. அதற்கு மருந்து போட்டுவிட்டதும் நான்தான்.

நீ வீட்டுக்குள் வந்தபோது நான் காதில் ஹெட்போனோடு மீட்டிங்கில் இருந்தேன். உன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரையில், என் முகம் தெரிகிற சின்னப் பெட்டிக்குள்தான் பார்த்தேன். என் தோளுக்குப் பின்னால், சொட்டச் சொட்ட நனைந்து, வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றாய். வெகுநேரம் நின்றாய். பிறகு மூலைப்பக்கம் குனிந்தாய். செருப்பைக் கழற்றுகிறாய் என்று நினைத்தேன். மீட்டிங் முடிந்து நான் திரும்பியபோது நீ இல்லை, தரையில் ஈரம் மட்டும் இருந்தது.

ஒன்பதாம் நாள் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தான் என்று கஷாயம் வைத்துக் கொடுத்தேன். மூன்று நாளில் கண் மஞ்சளித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், “வெள்ளத்தில் இறங்கினாரா? காலில் புண் உண்டா?” என்று கேட்டார். இரண்டுக்கும் ஆமாம் என்றேன். எலிக்காய்ச்சல் என்றார். அடுத்த நான்கு நாட்களைப் பற்றி உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, “அவ தனியாவாடீ போனா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை.

அந்தப் படத்தை நான் பார்க்கவே இல்லை. பக்கத்து வீட்டு டிவியில் அதன் பாட்டு வந்தால் ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

இன்று காலை தாசன் அண்ணன் பிரைமர் டப்பாவோடு வந்தார். போகட்டும், எல்லாம் மூடிப் போகட்டும் என்று மனத்தைக் கெட்டியாக்கிக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். அவர் முதல் வேலையாக அந்த மண் பானையைக் கட்டிப்பிடித்து நகர்த்தினார். வைத்த நாளிலிருந்து நான் அதை நகர்த்தியதே இல்லை, மாப் போட்டால் அதைச் சுற்றித்தான் போடுவேன்.

“அக்கா, இஞ்ச பாருங்க. இது பெயிண்டுக்க மேலயே எழுதிருக்கு. இதும் அடிச்சிரவா?”

தரைக்கு ஒரு சாண் மேலே, பானை மறைத்திருந்த இடத்தில், கறுப்பு மார்க்கரில், மங்காமல் உன் கையெழுத்து.

‘எஃப் 11: படம் சுமார். கல்யாணாத்து சீன்ல நீ சிரிச்சிருப்பே. என் தொடை பிழைச்சுது.
எஃப் 12:’

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. எனக்கு விட்ட இடம். என் வெள்ளைச் சுவர் கெட்டுவிடக் கூடாது, என் மீட்டிங்கில் யாரும் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது என்று, பானைக்குப் பின்னால் போய்க் குனிந்து எழுதியிருக்கிறாய், பாவி.

தாசன் அண்ணனைச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு மேல் வரச் சொன்னேன். தரையில், உன் வரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் அந்தப் படத்தைப் போட்டேன். முதல் பாதி முழுக்க அழுகைதான், ஒரு கதையும் மண்டையில் ஏறவில்லை. இரண்டாம் பாதியில் அவன் கல்யாண வீடு மாறிப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத பெண்வீட்டாரிடம் பப்படம் பொரிந்தது போதாது என்று சண்டை பிடிக்கிறான். சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. கை தானாக ஓங்கி இடப்பக்கம் விழுந்தது. டைல்ஸ் தரை. உள்ளங்கை விண்ணென்று வலித்தது, ஈரமாகவும் இருந்தது.

படம் முடிந்தபோது தாசன் அண்ணன் வந்து கதவைத் தட்டினார். “அடிக்கட்டா அக்கா?”

“வேண்டாம் அண்ணே.”

“மழ பெய்யப் பெய்ய இன்னும் மேல வரும், பாத்துக்கிடுங்க. பொறவு என்னையக் குத்தம் சொல்லப்பிடாது.”

“வரட்டும் அண்ணே.”

அவர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு முணுமுணுத்தபடியே போனார். நான் மேஜை இழுப்பறையில் உன் மார்க்கரைத் தேடி எடுத்து மூலைக்கு வந்தேன். இங்கே தரை ஏன் காய்வதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வரி விழாமல் நீ செருப்பைக் கழற்றமாட்டாயே. மூன்று வருடமாக, நனைந்த காலோடு, இங்கேயேதான் நிற்கிறாய்.

எழுதாமல் விட்டுவிட்டால் என்ன என்று ஓர் ஆசை வந்தது, பொய் சொல்லமாட்டேன். எழுதாதவரை நீ இங்கே இருப்பாய். மழை வந்தால் வாடையாவது வரும். மார்க்கர் மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை வலுத்தது. உன் குதிகால் புண் நினைவுக்கு வந்தது.

‘எஃப் 12: சிரிச்சேன்’ என்று எழுதினேன்.

எழுதியாச்சு, ஏட்டி. செருப்பக் கழத்து. காலத் தொடச்சுக்கோ.