உங்கள் அறையைப் பூட்டியிருக்கிறோம், அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதுகிறேன். வெல்டர் மாமா இதை உங்கள் கையில் கொடுக்கும்போது பக்கத்தில் யாராவது இருந்தால், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அப்புறம் தனியாகப் படியுங்கள். மாமாவுக்கு லீவு முடிந்துவிட்டது. விடியற்காலை பஸ்ஸில் கிளம்புகிறார். அதற்குள் எழுதி முடித்து அவர் வீட்டில் கொடுத்துவிட வேண்டும். அம்மாவுக்குத் தெரியாது.

முட்டை பார்க்கிற டார்ச்சை வைத்து எழுதுகிறேன். அதன் முகப்பில் அட்டைக் குழாய் ஒட்டியிருப்பதால் ஒரு நேரத்தில் இரண்டு வார்த்தைக்குத்தான் வெளிச்சம் விழுகிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதற்குப் பாதி இந்த டார்ச் காரணம், மீதி என் பயம். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா இருமும்போதெல்லாம் அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஃபோனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். நீங்கள் கூப்பிடுவது பெரியப்பா வீட்டு ஃபோனுக்கு. ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு எல்லோரும் சுற்றி நிற்கும்போது, "சாப்டீங்களாப்பா" என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் வாயில் வருவதில்லை.

முதலில் உங்கள் அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் படுக்கிற முன் அறையில் பெண்கள் சங்கத்துக் குஞ்சு பொரிக்கிற மெஷினை வைத்திருக்கிறோம் என்று அம்மா உங்களிடம் சொல்லியிருப்பாள். மெஷின் எவ்வளவு பெரியது என்று சொல்லியிருக்க மாட்டாள். பீரோ அளவு இருக்கிறது. அதனால் உங்கள் கட்டில் பின்கட்டுக்குப் போய்விட்டது. கட்டிலுக்கு அடியில் இப்போது அட்டைப் பெட்டிகள், அவற்றில் குஞ்சுகள். கோபப்படாதீர்கள். கட்டிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தினமும் துடைக்கிறேன்.

மெஷின் வந்த புதிதில் ஊரே சிரித்தது. கோழி செய்கிற வேலைக்கு எதற்கு இத்தனை பொம்பளைகள் என்று டீக்கடையில் பேச்சு. தையல்கார அக்காதான் சங்கத்துக்குத் தலைவி. அவர் டீக்கடை வாசலிலேயே நின்று, "கோழிக்குக் கூட அடை உக்கார ஒரு மூலை கெடைக்குது. எங்களுக்கு இப்பத்தான் கெடைச்சிருக்கு. கொஞ்சம் உக்கார விடுங்கப்பா" என்றாராம். அதற்குப் பிறகு யாரும் வெளிப்படையாகச் சிரிப்பதில்லை.

இருபத்தொரு நாள் வேலை, அப்பா. தினமும் முறை வைத்து ஒவ்வொருவராக வந்து முட்டைகளைத் திருப்பி வைக்க வேண்டும். ஒரு வாரம் ஆனதும் இருட்டில் டார்ச் வைத்துப் பார்த்தால், நல்ல முட்டைக்குள் சிவப்பு நரம்பு ஓடும், நடுவில் ஒரு புள்ளி துடிக்கும். ஒன்றுமே தெரியவில்லை என்றால் கூமுட்டை, எடுத்துவிடுவோம். கடைசி மூன்று நாள் மட்டும் திருப்பக் கூடாது, திறக்கவும் கூடாது. உள்ளே இருக்கிற ஈரக்காற்று வெளியே போய்விட்டால், ஓட்டுக்குள் இருக்கும் தோல் காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். குஞ்சால் வெளியே வர முடியாது.

இதை எங்களுக்குச் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். ஆனாலும் முதல் தடவை அடைவைத்த ஈட்டில், அந்தக் கடைசி நாட்களிலேயே திறந்துவிட்டோம். பெரியப்பா தன் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தார். "என் தம்பி வீட்டுல என்னென்ன நடக்குது பாருங்க" என்று அவருக்குப் பெருமைதான். திறந்து காட்டச் சொன்னார். பெரியவர் கேட்கும்போது எப்படி மாட்டேன் என்பது? அம்மா திறந்தாள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டே எல்லோருக்கும் விளக்கினார். செல்போனில் படம் எடுத்தார்கள். அந்த ஈட்டில் பாதிக்கு மேல் ஓட்டை உடைத்த நிலையிலேயே ஒட்டிக்கொண்டு செத்துப்போயின. சங்கத்தில் இருக்கிற ஆட்டுக்கார அத்தை அவற்றை முறத்தில் அள்ளிக்கொண்டு போய்ப் புதைத்தார். அம்மா அன்று யாரையும் குறை சொல்லவில்லை. "மரியாதைக்குத் திறந்தேன். மரியாதை குஞ்சைக் காப்பாத்தல" என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகுதான் சங்கத்தில் முடிவு செய்தார்கள். கடைசி மூன்று நாள் மெஷினை மட்டும் பூட்டினால் போதாது. அறைக்குள் விட்டால் மெஷினையும் திறக்கச் சொல்வார்கள். அதனால் அறைக்கே பூட்டு. யார் வந்தாலும் திறப்பதில்லை. மெஷினுக்கு வேண்டிய தண்ணீரை ஜன்னல் வழியாகக் குழாயில் ஊற்றுவோம். சூடு எவ்வளவு என்று ஜன்னல் கம்பி வழியாக டார்ச் அடித்துப் பார்ப்பது என் வேலை. பார்த்ததைக் கதவில் சாக்பீஸால் எழுதி வைப்பேன். "கோழிக்குஞ்சுக்குப் பூனைக்குட்டியைக் காவல் வெச்ச ஒரே ஊரு நம்ம ஊருதான்" என்று தையல்கார அக்கா கேலி செய்வார். நீங்கள் எனக்கு வைத்த பெயர் இப்போது சங்கம் முழுக்கப் பரவிவிட்டது.

சங்கத்தில் இன்னொரு முடிவும் உண்டு. உறுப்பினர் வீட்டுப் பெண் பிள்ளை பன்னிரண்டாவது முடிக்கும்வரை படிப்பை நிறுத்தக் கூடாது. அப்படி ஒரு வீட்டில் பேச்சு எழுந்தால், அந்த வாரக் கூட்டம் அந்த வீட்டில்தான் நடக்கும். சண்டை போடப் போகக் கூடாது. போய் உட்கார்ந்து, எப்போதும் போல வேலையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கு முதலில் கை தூக்கியது அம்மா. அப்போது, நம் வீட்டுக்கே இது வரும் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள்.

போன வாரம் வந்தது. காலையில் பெரியப்பா வந்து, மத்தியானம் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றார். நல்ல இடம், மாப்பிள்ளைக்குச் சொந்தமாக லாரி இருக்கிறது, கேட்டு வந்திருக்கிறார்கள், விட்டுவிடக் கூடாது என்றார். பதினொன்றாம் வகுப்புக்குப் புத்தகம்கூட வாங்கியாகிவிட்டது. அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "வரட்டும் மாமா" என்றாள். நான் அம்மாவை வெறுத்த நேரம் அது ஒன்றுதான். அவள் பக்கெட்டை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போகிற மாதிரி தையல்கார அக்கா வீட்டுக்குப் போனது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

மத்தியானம் அவர்கள் கார் வந்து நின்றபோது நம் வாசலில் கால் வைக்க இடமில்லை. சங்கமே உட்கார்ந்திருந்தது. ஒருத்தர் தீவனம் கலந்துகொண்டிருந்தார், ஒருத்தர் தண்ணீர்த் தட்டு கழுவிக்கொண்டிருந்தார், தையல்கார அக்கா கோணிப்பையை ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. "வாங்க வாங்க" என்று எல்லோரும் நகர்ந்து நகர்ந்து இடம் கொடுத்தார்கள். எவ்வளவு நகர்ந்தாலும் இடம்தான் வரவில்லை.

பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வந்தவர்களை முன் அறையில் உட்கார வைக்கலாம், பூட்டைத் திற என்றார். அன்று பத்தொன்பதாம் நாள், அப்பா.

அம்மா எழுந்து போய்க் கதவுக்கு முன்னால் நின்றாள். அவள் பெரியப்பா முன்னால் நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. அன்றும் தலை குனிந்துதான் இருந்தது. குரல் மட்டும் குனியவில்லை. "மன்னிச்சிருங்க மாமா. இன்னும் ரெண்டு நாளைக்கு யாரு வந்தாலும் இந்தக் கதவைத் திறக்க முடியாது" என்றாள். கோழிக் கதையை என்னிடம் சொல்லாதே, திற என்று பெரியப்பா சத்தம் போட்டார். அதற்கு அம்மா, "கோழியைப் பத்தி மட்டும் நான் சொல்லல மாமா. உள்ள இருக்கறது தானா வெளிய வர்ற வரைக்கும் நாம கைய வெக்கக் கூடாது. ஒரு தடவை வெச்சோம். அத்தை மொறத்துல அள்ளிட்டுப் போனத நீங்களும் பாத்தீங்க. என் பொண்ணு படிச்சு முடிக்கட்டும்" என்றாள்.

எல்லோரும் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டார்கள். பெரியப்பா, "என் தம்பி இருந்திருந்தா இப்படிப் பேசுவியா" என்று கேட்டார்.

அம்மா அவரை நேராகப் பார்த்து, "அவரு இருந்தா நான் பேசவே வேண்டியிருக்காது மாமா. அவரே இதைத்தான் சொல்லியிருப்பாரு" என்றாள்.

அப்பா, இந்த வரியை இரண்டு தடவை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வந்தவர்கள் உட்காராமலே கிளம்பினார்கள். காரில் ஏறப்போன மாப்பிள்ளையின் அம்மா மட்டும் திரும்பி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்துத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் ஜன்னலுக்குப் பக்கத்தில் போய்க் காதை வைத்தார். ஓட்டுக்குள்ளிருந்தே ஒன்றிரண்டு குஞ்சுகள் கத்தத் தொடங்கியிருந்தன. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கதவில் இருந்த சாக்பீஸ் எழுத்தைக் காட்டி, யார் எழுதியது என்று கேட்டார். ஆட்டுக்கார அத்தை என்னைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டார். எனக்கு எங்கிருந்துதான் குரல் வந்ததோ தெரியவில்லை. ஏன் எழுதுகிறோம், சூடு ஏறினால் என்ன ஆகும், இறங்கினால் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி, "நான் பதினொண்ணாவதுல உயிரியல் எடுக்கப் போறேன்" என்றும் சொல்லிவிட்டேன். அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். அம்மாவிடம் மெதுவாக, எங்கள் ஊர்ப் பெண்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் வந்து பார்க்கலாமா என்று கேட்டார். அம்மா, "கடைசி மூணு நாள் இல்லாம எப்ப வேணா வாங்க" என்றாள். கார் போனதும் தையல்கார அக்கா, "பொண்ணு பாக்க வந்தவங்க மெஷினைப் பாத்துட்டுப் போறாங்க" என்றார். அதற்குப் பிறகு எல்லோரும் சிரித்த சிரிப்பில் ஒருவர் தீவனத்தைக் கொட்டிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அறையைத் திறந்தோம். இதுவரை இப்படி ஒரு ஈடு பொரித்ததில்லை. தட்டு முழுக்க மஞ்சளாக, ஈரம் காய்ந்து பஞ்சு மாதிரி நின்றன. அம்மா உள்ளே போய்த் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஆட்டுக்கார அத்தை என்னிடம், "உங்கம்மாவைப் பாருடி. அன்னிக்குக் கதவு முன்னால நின்னப்பக் கூட அழல, இப்ப அழுவுறா" என்றார். இவள் என் அம்மா என்று ஊரெல்லாம் கத்த வேண்டும் போல இருந்தது எனக்கு.

இனி பயத்தைச் சொல்கிறேன்.

அவர்கள் வந்து போன அன்று சாயங்காலம் பெரியப்பா உங்களைக் கூப்பிட்டார். நான் சந்தில் நனைத்த சாக்கைப் பிழிந்துகொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் உங்கள் குரல் கேட்டது. வந்தவர்களை வெயிலில் நிற்க வைத்து அவமானப்படுத்திவிட்டாள் என்று பெரியப்பா சொன்னார். உங்களுக்குப் பின்னால் ஏதோ இரும்பு அறுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நீங்கள், "சரிண்ணே. நீங்க பெரியவங்க, பாத்துச் செய்யுங்க. அடுத்த மாசம் நான் வந்து கல்யாணத்தை முடிச்சு வெச்சிடறேன்" என்றீர்கள்.

நீங்கள் களைத்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். பெரியப்பாவும் கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு மழையில் ஓடியவர் அவர்தான். உங்களை வளர்த்ததும் அவர்தான். அதனால்தான் உங்களால் அவரிடம் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அம்மாவாலும்தான் முடியாமல் இருந்தது, முதல் ஈடு வரைக்கும்.

நீங்கள் சொன்னதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன். நீங்கள் தன் பக்கம் என்றுதான் அவள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தத் தைரியத்தில்தான் அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்னாள். இப்போது என் பக்கத்தில் கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு நன்றாகத் தூங்குகிறாள்.

நீங்கள் வரும் தேதியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடுத்த ஈட்டுக்குக் கடைசி மூன்று நாள் அப்போதுதான் வருகிறது. நீங்கள் பெட்டியோடு வந்து நிற்கும்போது உங்கள் அறை பூட்டியிருக்கும். பெரியப்பா உங்களையே திறக்கச் சொல்வார். அம்மா உங்களைத் தடுக்க மாட்டாள். சாவியை உங்கள் கையில் கொடுத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சங்கம் முழுக்க வாசலில் நிற்கும். நான் தூணுக்குப் பின்னால் இருப்பேன்.

சாவியை வாங்கிக்கொள்ளுங்கள் அப்பா, கதவை மட்டும் திறக்காதீர்கள். ஜன்னல் பக்கம் போய்க் காதை வைத்துக் கேளுங்கள். இரண்டு நாள் பின்கட்டில் படுத்துக்கொள்ளலாம், கட்டில் தயாராக இருக்கிறது. மூன்றாம் நாள் நீங்களே உங்கள் கையால் திறக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நீங்கள் எனக்கு எதுவும் வாங்கி வர வேண்டாம். உயரமான இடத்தில் வேலை செய்யும்போது கயிறு கட்டிக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பத்திரமாக வந்து சேருங்கள்.

அம்மா எல்லோர் முன்னாலும் உங்களைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் பொய்யாக்கிவிடாதீர்கள் அப்பா.

உங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
பூனைக்குட்டி