தமிழ், தெலுங்கு எழுத்தில்

நவம்பர் 11, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். காட்டூரில் அக்கா வீடு. பயிர் மூழ்கிவிடுமோ என்று மாமா மூன்றாம் முறையாக வயலுக்குப் போயிருக்கிறார்.

வந்த காரியம்: கர்ப்பிணிகளுக்கு நாங்கள் போனில் அனுப்பும் செய்திகள். எந்த மாதம் என்ன பரிசோதனை, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எல்லைப் பகுதி, அதனால் தமிழ், தெலுங்கு இரண்டும். சுண்ணாம்புக்குளம் (இனி சு.குளம்) பக்கம் ஒரு போனில், ஆகஸ்டில் ஒரு நாள், அரை மணி நேரம் மொழி மாறி மாறிப் பதிவாகியிருக்கிறது. தமிழ், தெலுங்கு, தமிழ், தெலுங்கு. பட்டன் கோளாறு என்கிறார் மேனேஜர். மொழி கேட்கும் திரையை வடிவமைத்தது நான். நானே போய்ப் பார்க்க வேண்டும்.

அன்று அந்த போனுக்குப் போன செய்திக்கு நேரே எங்கள் பதிவில் 'படிக்கப்பட்டது' என்றிருக்கிறது.

நாளைக்கு: குடை. சார்ஜர். கிராம நர்ஸுக்கு போன். அக்காவுக்குக் கொசுவத்தி.

நவம்பர் 12, புதன்

மழை விட்டது. பஸ் மாறி மாறி சு.குளம் போய்ச் சேரப் பத்தரை. ஏரி ரோடு ஓரம்வரை நிறைந்திருக்கிறது.

குப்பத்துக்கு நர்ஸ் ஸ்கூட்டியில் கூட்டிப்போனார். போகும்போதே சொன்னார். அந்த போனுக்கு உரிய பெண் பவானிக்கு எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே குழந்தை போய்விட்டது. பிரஷர். நீங்களாக அந்தப் பேச்சை எடுக்காதீர்கள் என்றார். இங்கிருந்து எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. பதிவில் அதற்குக் கட்டம் இல்லை.

பவானிக்கு இருபத்துமூன்று இருக்கும். வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு போனைக் கொடுத்தாள். பட்டன் சரியாகவே வேலை செய்கிறது. ஏன் மாற்றிக்கொண்டே இருந்தாய் என்று கேட்டேன்.

"தமிழ் வச்சா எழுத்து தெர்ல. தெலுங்கு வச்சா எழுத்து பட்சிடுவேன், பேச்சு புரியல. அதான் மாத்தி மாத்திப் பாத்தேங்க்கா."

அவள் பிறந்தது ஏரிக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில். வீட்டில் தமிழ். பள்ளிக்கூடம் தெலுங்கு, ஐந்தாவது வரை. மீன் விற்கிற அளவுக்குத் தெலுங்கு பேசுவாள். எங்களுடையது டாக்டர் தெலுங்கு.

யாரிடமாவது காட்டியிருக்கலாமே என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவளே சொன்னாள். மாமியாருக்கு எழுத்து தெரியாது. புருஷன் ஏழுமலை கடலில். செய்தியில் ஒரு பொம்பளை சிரித்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் பூ, அதனால் நல்ல சேதிதான் என்று நினைத்தாளாம். நர்ஸம்மா வரும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டாள். அடுத்த நாள் மத்தியானம் வலிப்பு.

அந்தப் படத்துக்குச் சரி சொன்னவளும் நான்தான்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உட்காரவில்லை.

நவம்பர் 13, வியாழன்

மேனேஜருக்கு போன். கோளாறு இல்லையென்றால் முடித்துவிடலாம் என்றார். கெட்டவர் இல்லை. அவருக்கு முன்னால் இருப்பது ஒரு பட்டியல், அதில் இது ஒரு வரி. நான் சொன்னேன், கோளாறு இருக்கிறது, கேள்வியில் இருக்கிறது. 'உங்கள் மொழி எது?' என்று ஒன்றுதான் கேட்கிறோம். இரண்டு கேட்க வேண்டும். எந்தப் பேச்சு? எந்த எழுத்து? செய்து காட்டு என்றார்.

பவானி மாதிரி ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த மருமகள்கள் இன்னும் இருக்கிறார்களா என்று நர்ஸிடம் கேட்டேன். "எந்த வூடுன்னு சொல்றது மேடம், குப்பத்துக்குக் குப்பம் கீறாங்க."

நாள் பூரா அக்கா வீட்டுக் கட்டிலில் லேப்டாப்: தமிழ்ச் செய்திகளை, எனக்கே தெரியாத தெலுங்கு எழுத்துக்கு அட்டவணை பார்த்து மாற்றும் வேலை. தமிழில் ஒரே 'க', இடத்துக்கு ஏற்ப வாய் மாற்றிக்கொள்ளும். தெலுங்கில் ஒவ்வொரு ஒலிக்கும் தனித்தனி எழுத்து. அப்படியே மாற்றினால் 'தம்பி' 'தம்ப்பி' ஆகிறது. 'ழ' இன்றைய தெலுங்கில் இல்லவே இல்லை. சாப்பிட மறந்து அக்காவிடம் திட்டு.

நவம்பர் 15, சனி

வெயில். மறுபடி சு.குளம். சோதனைக்கு என் போனிலேயே பத்துச் செய்திகள், தமிழ்ப் பேச்சு, தெலுங்கு எழுத்து.

பவானி விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். தடுமாறிய இடமெல்லாம் குறித்தேன். 'குழந்தை' வந்ததும் நின்றாள். யாருங்க்கா இப்படிப் பேசுறாங்க, 'கொயந்த'ன்னு எழுதுங்க, எல்லாருக்கும் புரியும் என்றாள். மாற்றினேன்.

ஏழாவது செய்தி. அதை எடுத்துவிட வேண்டும் என்று நேற்றே நினைத்தேன். எடுக்கவில்லை. ஏன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

கால், முகம் வீங்கினாலோ, விடாமல் தலை வலித்தாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். மெதுவாகப் படித்து முடித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"இதானா அன்னிக்கு வந்தது?"

ஆமாம் என்றேன். உனக்குப் படிக்க முடியாதபடி அமைத்தது நான் என்றும் சொன்னேன். போனைக் கையில் பிடித்தபடி உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன்.

மாமியார் அடுப்படியில். மருமகள் ஏரியில் இறங்கி இறால் தடவினாள், அதனால்தான் பிள்ளை தங்கவில்லை என்று மூன்று மாதமாக ஊருக்கே சொல்லிவருகிறவர். நர்ஸ் சொன்னது. பவானி நின்றபடியே அவருக்குப் படித்துக் காட்டினாள்.

"அப்ப நீ ஏரில எறங்குனதால இல்லியா?"

"கால் வீங்கிச்சு. தல வலிச்சுது. அதான் எழுதிக்குது அத்தே."

அந்த அம்மா அடுப்பைத் தணித்தார். என் பக்கம் பார்க்கவில்லை. "நாந்தான் வெயில்ல நின்ன தலவலின்னு சொல்லி மோரு குடுத்தேன்" என்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார். பவானியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் வெளியே வந்து செருப்பைத் தேடினேன்.

நவம்பர் 17, திங்கள்

சென்னை. ஆபீஸ். மேகமூட்டம்.

முடிவானவை:
எழுத்துக்குத் தனிக் கேள்வி. சரி.
அபாயச் செய்திகளில் சிரிக்கும் படம் இல்லை. சரி.
திறந்தாலே 'படிக்கப்பட்டது' என்று போடுவதை நிறுத்துவது. பார்க்கலாம் என்றார்கள். எழுத்தில் கேட்டிருக்கிறேன்.
எல்லாருக்கும் போய்ச் சேர்வது பொங்கலுக்குப் பிறகு.

பவானியின் பெயர் போடாமல் நடந்ததை அறிக்கையில் எழுதினேன். என் பெயரைப் போட்டேன்.

ஸ்டேஷனரிக் கடையில் தெலுங்கு அரிச்சுவடி ஒன்று. வீட்டில் பால் இல்லை.

நவம்பர் 20, வியாழன்

மழை. பஸ்ஸில் வரும்போது பவானியிடமிருந்து செய்தி. தெலுங்கு எழுத்தில் தமிழ். அரிச்சுவடியை மடியில் வைத்து, கிண்டி தாண்டும்வரை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன்.

'அக்கா. எதிர் வூட்டு பொண்ணுக்கு ஏழாம் மாசம். அவளும் எங்க பக்கம்தான். அவளுக்கு எப்ப வரும்?'

பொங்கலுக்குப் பிறகு என்று எழுதத் தொடங்கி அழித்தேன். அதற்குள் அவளுக்குப் பிரசவமே ஆகிவிடும். சோதனைப் பட்டியலில் இன்னொரு போனைச் சேர்க்க எனக்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம்.

பதிலைத் தெலுங்கு எழுத்தில் நானே எழுதினேன். இரண்டே வார்த்தை, ஒரு தப்பு: நம்பர் அனுப்பு.

இறங்குவதற்குள் வந்துவிட்டது.