எப்படிப்பட்ட மாணவி

அன்புள்ள அப்பாவுக்கு,

மலர்விழி எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? ரிஷிவந்தியத்தில் நடவு வேலை கிடைக்கிறதா? ஓசூரில் நான் சுகமாக இருக்கிறேன்.

கம்பெனி வேலையோடு ஆன்லைனில் பி.காம். படிக்கிறேன் அல்லவா, போன ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒரு வேடிக்கை நடந்தது. "நீங்க எப்படிப்பட்ட மாணவர்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றார் சார். என் முறை வந்ததும், "மெதுவாத்தான் புரியும் சார், ஆனா விடமாட்டேன்" என்றேன். என் குரல் அவருக்குப் போய்ச் சேரவில்லை.

"மலர்விழி, இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்!" என்று நான் கத்தியதில், விடுதி அறையில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த கள்ளக்குறிச்சிப் பெண் தனுஷா எழுந்துவிட்டாள். "இன்னாடி, யாராண்ட கத்திக்கினு இருக்க?" என்று சிரித்தாள். அதற்குள் சார் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

நானும் சிரித்தேன். ஆனால் ஏழு மாதமாகியும் என்னை மாணவி என்று அறிந்தவர் அந்த வகுப்பில் ஒருவரும் இல்லை அப்பா. நான் படிக்கிறேனா, வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. யாரிடம் கேட்பது?

பரணில் என் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் நோட்டு இருக்கும். அனுப்பிவையுங்கள். இங்கே புத்தகங்கள் கிடைக்கும்தான். டீச்சர் சிவப்பு மையில் திருத்திய நோட்டுதான் வேண்டும்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்
மலர்விழி