சாந்த்ரோல் எந்தக் கரையில் இருக்கிறது?

4 அக்டோபர் 1977, செவ்வாய்

ஆற்றங்கரையில் ஒரு பலகை வைக்கப் போகிறார்களாம். ஊர்மன்ற எழுத்தர் நான்தானே, அதில் ஊர் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மேயர் அன்செல்ம் சொன்னது: "ஏம்மா ஒர்தான்ஸ், பத்தே வரி போதும். ரோமர் காலத்துலேர்ந்து நாம இதே கரைலதான் இருக்கோம்னு நச்சுனு எழுதுங்க. அக்கரைக்காரங்க படிச்சுட்டு வயிறெரியணும்."

அக்கரை என்றால் வில்மோர். கூப்பிட்டால் கேட்கும் தூரம். பாலம் சுற்றிப் போனால் பதினோரு கிலோமீட்டர். அவர்களைச் சேற்றுக்காலர்கள் என்போம். அவர்கள் நம்மை என்ன சொல்கிறார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

13 அக்டோபர், வியாழன்

மாவட்டத் தலைநகர் மூலானுக்கு பஸ் ஏறி, அங்கே ஆவணக் காப்பகத்தில் நாள் முழுக்கத் தும்மினேன். 1733-ஆம் வருடத்து வில்மோர் பாதிரியார் ஒருவரின் குறிப்பு கிடைத்தது, கூடவே ஒரு வரைபடம். சாந்த்ரோல் என்று தனி ஊரே கிடையாது! வில்மோரின் பின்புறத்துப் பதினோரு வீடுகள்தான் நாம். அதுவரை நம் வீடுகளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த அலியே ஆறு, அந்த வருட வெள்ளத்தில் நடுவில் புகுந்து பிரித்துவிட்டது. பாதிரியார் எழுதுகிறார்: "அவர்கள் எங்கும் போகவில்லை. ஆறுதான் போய்விட்டது."

பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். எதிரில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

14 அக்டோபர்

மேயர் சிரிக்கவில்லை.

"நாம வில்மோர்க்காரங்களா? எங்கப்பா கல்லறையில எந்திரிச்சு உக்காருவாரு!"

"வரைபடம் அப்படித்தான் சொல்லுது, மேயர் ஐயா."

"அப்ப வரைபடம் தப்பு."

8 நவம்பர், செவ்வாய்

மன்றக் கூட்டம். ஆறுக்கு மூன்று என்ற வாக்குக் கணக்கில், 1733-இல் வெள்ளம் வரவில்லை என்று தீர்மானம் நிறைவேறியது. கூடவே இன்னொரு வரி: "அன்றும் இன்றும் என்றும் ஆறே நமது எல்லை." இதையெல்லாம் நோட்டில் அழகாக எழுதியது நான்தான். வெட்கக்கேடு.

27 நவம்பர், ஞாயிறு

ரொட்டிக்கடை யூலாலியிடம் மட்டும்தான் சொன்னேன். அது போதுமே.

வில்மோர் மேயர் லெயோன்தீன் இன்று நம் சந்தைக்கே வந்துவிட்டாள். கணவனை இழந்து பத்து வருடம் ஆகிறது, குரல் மட்டும் குறையவில்லை. அன்செல்மைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தாள். "வாப்பா, காணாமப்போன புள்ள! வீட்டுக்கு எப்ப வர்ற?"

சந்தையே சிரித்தது. அன்செல்ம் முகம் பீட்ரூட்.

2 டிசம்பர்

"நீங்க நம்ம ஊருக்கு வேலை செய்றீங்களா, ஆத்துக்கு வேலை செய்றீங்களா?" என்று மேயர் கேட்டார். ஜனவரியிலிருந்து வர வேண்டாமாம்.

இருபத்திரண்டு வருஷம். யாருக்குக் குழந்தை பிறந்தாலும் யார் செத்தாலும் நான்தானே எழுதினேன். இவரு கல்யாணத்தைக்கூட— இவரு பொண்டாட்டி சாவையும்— போகட்டும். எனக்கென்ன. எனக்கென்ன என்று எழுதிவிட்டு ஏன் அழுகிறேன்?

24 பிப்ரவரி 1978, வெள்ளி

ஐந்து நாளாக வெள்ளம். இன்று வடிந்தது. மேட்டில் நின்று பார்த்தோம். ஆறு தன் வளைவை விட்டுவிட்டு நம் பக்கம் நேராக அறுத்துக்கொண்டு ஓடுகிறது. உயிருக்குச் சேதமில்லை. ஆனால் அன்செல்மின் பீன்ஸ் தோட்டம், கொட்டகையோடு, அக்கரையில் நிற்கிறது.

தீர்மானத்தை மதிக்காத ஆறு!

28 பிப்ரவரி

லெயோன்தீன் கடிதம் போட்டிருக்கிறாளாம்: "உங்கள் தீர்மானப்படி ஆறே எல்லை. தோட்டத்துக்கு நன்றி."

3 மார்ச், வெள்ளி

வாசலில் அன்செல்ம், தொப்பி கையில்.

"அந்தப் பாதிரியார் குறிப்பு... நகல் கிகல் எடுத்து வச்சீங்களா?"

"வராத வெள்ளத்தைப் பத்தின குறிப்பா, ஐயா?"

காலால் தரையைத் தேய்த்தார். எனக்கும் பாவமாக இருந்தது. உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தேன். குறிப்பின் கடைசிப் பக்கத்தை நானே வாசித்துக் காட்டினேன்: ஆறு எங்கே ஓடினாலும் நிலம் உழுதவனுக்கே என்று அன்று இரு கரையும் ஒப்புக்கொண்டிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போகும்போது, "திங்கக்கிழமை வந்துடுங்க ஒர்தான்ஸ். உங்க மேசையில யாரையும் உக்கார விடல," என்றார்.

14 மார்ச்

ஒன்பதுக்குப் பூஜ்யம். 1733-இல் வெள்ளம் வந்தது.

20 ஏப்ரல்

பலகை வைத்தாயிற்று, என் பத்து வரியோடு. திரை விலக்கியது லெயோன்தீன். "உன் தோட்டம் உனக்கே. ஆனா வழி எங்க ஊரு வழியாத்தான்," என்றாள். அன்செல்ம் ஏனோ புது டை கட்டியிருந்தார்.

8 ஜூன், வியாழன்

மேயர் இன்றும் அலுவலகம் வரவில்லை. காலையிலேயே வில்மோர் வழியாகத் தோட்டத்துக்குப் போய்விட்டார். பீன்ஸுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். கையெழுத்துக்கு ஏழு காகிதம் காத்திருக்கிறது.

விடிந்ததிலிருந்து கொட்டுகிறது மழை.